மலப்புரம் நிஜமாகவே அவ்வளவு வேகமாக வளர்கிறதா?

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் வேலந்தாவளம் சாயாக்கடையில் மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்தப் பேச்சு வந்துவிடும். யாராவது ஒருவர் போனில் ஒரு பழைய செய்தியைத் திறந்து காட்டுவார்: உலகத்திலேயே வேகமாக வளரும் நகரம் நம் கேரளத்து மலப்புரம். செய்தி பொய் இல்லை. 2020 ஜனவரியில் எகானமிஸ்ட் குழுமம், ஐ.நா.வின் மக்கள்தொகைக் கணிப்பை வைத்து வெளியிட்ட பட்டியல் அது. 2015-க்கும் 2020-க்கும் நடுவில் 44.1 சதவீத வளர்ச்சி என்று மலப்புரத்தை முதலிடத்தில் வைத்தார்கள். கோழிக்கோடு நான்காவது, கொல்லம் பத்தாவது, திருப்பூர் முப்பதாவது.

பட்டியல் பரவாயில்லை, அதைத் தொடர்ந்து வரும் பேச்சுதான் தாங்காது. "பின்னே, வீட்டுக்கு எட்டுப் பிள்ளை பெத்தா ஊரு வளராம என்ன பண்ணும்" என்பார் ஒரு பெரியவர். "அதில்லீங்க, எல்லாம் கல்ஃப் காசு, வெளியூர்க்காரங்கெல்லாம் அங்க போய்க் குடியேறறாங்க" என்பார் இன்னொருவர். ஒரு நாள் அந்தப் பக்கம் தேங்காய் லோடு அடிக்கிற டிரைவர் அண்ணன் ஒருவர் டம்ளரை வைத்துவிட்டுக் கேட்டார்: "அங்க நகரம் எங்கீங்க இருக்கு? ரோட்டோரம் வீடு, கடை, வீடு, கடைன்னு போய்ட்டே இருக்கும். எது டவுனு எது கிராமம்னு எனக்கே தெரியாது." மூன்று பேரில் விஷயத்துக்குப் பக்கத்தில் வந்தவர் அவர்தான். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. கணக்குப் பயம் உள்ளவர்களும் படிக்கலாம், கூட்டல் கழித்தலைத் தாண்டி இதில் எதுவும் இல்லை.

வீட்டில் ஆள் கூடுவது எப்படி

ஒரு வீட்டு ரேஷன் கார்டில் போன வருஷம் ஐந்து பேர், இந்த வருஷம் ஒன்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். எப்படிக் கூடியிருக்கும்? குழந்தை பிறந்திருக்கலாம். கல்யாணமாகி மருமகள் வந்திருக்கலாம். இல்லையென்றால், பாகம் பிரித்துத் தனித்தனியாக இருந்த அண்ணன் தம்பி சமாதானமாகி நடுச்சுவரை இடித்து ஒரே கார்டாக மாற்றியிருக்கலாம். இந்த மூன்றாவதில் புதிதாக யாரும் பிறக்கவில்லை, யாரும் வரவும் இல்லை, நேற்று சுவருக்கு அந்தப் பக்கம் படுத்தவர்தான் இன்றும் அதே இடத்தில் படுக்கிறார். கார்டில் மட்டும் எண்ணிக்கை எகிறிவிட்டது.

நகரமும் இப்படித்தான். பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தால் வருவது இயற்கை அதிகரிப்பு. வந்து குடியேறியவர்களிலிருந்து விட்டுப் போனவர்களைக் கழித்தால் நிகர இடப்பெயர்வு. மூன்றாவது எல்லை மாற்றம், அதாவது சுவர் இடிப்பது. பக்கத்து ஊரை நகரத்தோடு சேர்ப்பதும், நேற்றுவரை கிராமம் என்று எழுதிய ஊரை இன்று முதல் நகரம் என்று எழுதுவதும் இதில் அடங்கும்.

சாயாக்கடைப் பேச்சில் முதல் இரண்டும் வந்துவிட்டன. மூன்றாவதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை, ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிற சங்கதி இல்லை.

கோயம்புத்தூரில் எத்தனை பேர்? மூன்று பதில்

நான் தினமும் காலையில் பாலக்காடு ரோட்டில் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய், இரவு கேரளத்தில் வந்து படுக்கிறவன். வழியில் குனியமுத்தூர் வரும். அங்கே கடைகள், நெரிசல், ஹாரன் சத்தம் எல்லாம் எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் டவுன் மாதிரிதான். ஆனால் 2011 வரை அது தனி நகராட்சி. அந்த வருஷம் குனியமுத்தூர், குறிச்சி, கவுண்டம்பாளையம் எல்லாம் கோயம்புத்தூர் மாநகராட்சியோடு சேர்ந்தன. மாநகராட்சியின் பரப்பு 105 சதுர கிலோமீட்டர் சொச்சத்திலிருந்து 257-க்குப் போனது.

இப்போது 2011 கணக்கெடுப்பைத் திறந்து கோயம்புத்தூரில் எத்தனை பேர் என்று தேடுங்கள். பழைய எல்லைப்படி 10.5 லட்சம். புது எல்லைப்படி சுமார் 16 லட்சம். சுற்றியுள்ள தொடர்ச்சியான ஊர்களையும் சேர்த்து எண்ணினால் 21 லட்சத்துக்கு மேல். ஒரே வருஷம், ஒரே கணக்கெடுப்பு, அதே ஜனங்கள். மூன்றும் சரியான பதில்தான். கடைசியாகச் சொன்னதற்கு நகர்த் திரள் என்று பெயர்: நகராட்சி எல்லையைப் பற்றிக் கவலைப்படாமல், ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்த டவுன்களையெல்லாம் ஒரே நகரமாக எண்ணுவது.

முதல் எண்ணையும் இரண்டாவது எண்ணையும் பக்கத்தில் வைத்து "ஐந்தரை லட்சம் பேர் கூடிவிட்டார்கள்" என்று தலைப்பு போட்டால் எப்படி இருக்கும்? மலப்புரத்துக்கு நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

மலப்புரத்தில் இடிந்த சுவர்

2001 கணக்கெடுப்பில் மலப்புரம் நகர்த் திரளில் சுமார் 1.7 லட்சம் பேர். 2011-இல் சுமார் 17 லட்சம். பத்து மடங்கு! பத்து வருஷத்தில் பத்து மடங்கு பெருக மனுஷனால் ஆகாது, முயலால்தான் ஆகும். அப்படியானால் என்ன நடந்தது?

இந்தியக் கணக்கெடுப்பில் சென்சஸ் டவுன் என்று ஒரு வகை உண்டு. நகராட்சியாக அறிவிக்கப்படாத ஒரு ஊர் மூன்று நிபந்தனைகளைத் தாண்டினால் அதை நகரம் என்று எண்ணுவார்கள்: குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர், முதன்மையாக வேலை செய்யும் ஆண்களில் குறைந்தது 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில். கேரளத்தில் முதல் இரண்டும் ஒரு பொருட்டே இல்லை. இங்கே ஒரு வருவாய்க் கிராமம் என்றாலே பதினைந்தாயிரம், இருபதாயிரம் பேர் சாதாரணம், மாநிலத்தின் சராசரி நெருக்கமே சதுர கிலோமீட்டருக்கு 860-ஐ ஒட்டி இருந்தது. ஆகவே எல்லாம் மூன்றாவதில்தான் நிற்கிறது. வயல் பிளாட் ஆகி, அப்பா செய்த விவசாயத்தை விட்டுவிட்டு மகன் டிரைவராகவோ, மேஸ்திரியாகவோ, மொபைல் கடைக்காரராகவோ ஆகும்போது, 70-இல் இருந்த எண் ஒரு நாள் 76 ஆகும். ஊரில் ஒரு செங்கல்கூட நகராது, ஆனால் அடுத்த கணக்கெடுப்பில் அந்த ஊர் மொத்தமாக நகரக் கணக்கில் ஏறிவிடும்.

கேரளம் முழுக்க 2001-இல் 99 சென்சஸ் டவுன்கள். 2011-இல் 461. மலப்புரம் மாவட்டத்தில் நகரவாசிகளின் பங்கு 10 சதவீதத்துக்கும் கீழே இருந்து 44 சதவீதமாகத் தாவியது. அப்படி ஏறிய ஊர்கள் ஏற்கெனவே ரோட்டோரமாக ஒட்டி ஒட்டித்தான் கிடந்தன (டிரைவர் அண்ணன் சொன்னாரே, அதுதான்), அதனால் பலவும் ஒரே திரளில் சேர்ந்துகொண்டன. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஊர்களில் பலவற்றை ஆண்டது அப்போதும் கிராமப் பஞ்சாயத்துதான். போர்டில் கிராமம், புத்தகத்தில் நகரம்.

ஐ.நா. கணிப்பு இந்தத் தாவலின் வேகத்தைக் கொஞ்சம் தணித்து முன்னால் நீட்டிப் பார்த்தது. அப்படி வந்ததுதான் அந்த 44.1 சதவீதம்.

சரி, மாவட்ட எல்லையை வைத்துப் பார்ப்போம், அது அந்தப் பத்து வருஷத்தில் மாறவில்லை. 2001-இல் 36.3 லட்சம், 2011-இல் 41.1 லட்சம், அதாவது 13.4 சதவீதம். அதே பத்தாண்டில் தமிழ்நாடு 15.6. கோயம்புத்தூர் மாவட்டம் 18-க்கு மேல், திருப்பூர் மாவட்டம் 29-ஐ ஒட்டி. உலகத்திலேயே வேகமாக வளரும் ஊரைப் பார்த்து மூக்கில் விரல் வைக்கிற நாம், அதைவிட வேகமாக வளர்ந்த ஊருக்குத்தான் தினமும் பஸ் ஏறிப் போகிறோம்.

இதுவரை சொன்னது: நகரம் பிறப்பால், வரவால், எல்லையால் என மூன்று வழியில் பெருகும். மலப்புரத்தின் பெரிய எண் பெரும்பாலும் மூன்றாவது வழியில் வந்தது. ஒரு நகரம் வேகமாக வளர்கிறது என்று யார் சொன்னாலும் எந்த வழியில் என்று கேளுங்கள்.

இளமையான ஊர் என்றால் என்ன

அடுத்த குழப்பம் இது. "இளமையான நகரம்" என்று பேப்பரில் போடுவார்கள். எதை வைத்து?

முதல் அளவு இடைநிலை வயது. ஊரில் உள்ள எல்லாரையும் வயது வரிசையில் நிற்க வைத்தால், சரியாக நடுவில் நிற்பவரின் வயது. பாதிப் பேர் அவரைவிடச் சின்னவர்கள், பாதிப் பேர் பெரியவர்கள். சராசரி வேறு, இது வேறு. நூறு வயதுப் பாட்டி ஒருவர் வந்து சேர்ந்தால் சராசரி கொஞ்சம் ஏறும், நடுவில் நிற்பவர் அநேகமாக நகரவே மாட்டார். இந்தியாவுக்கு இது சுமார் 28, ஜப்பானுக்கு கிட்டத்தட்ட 49, கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியாவுக்கு 18-ஐ ஒட்டி. தான்சானியாவை ஏன் இழுக்கிறேன் என்று கேட்காதீர்கள், காரணம் இருக்கிறது, கீழே வரும்.

ஆனால் ஒரே எண்ணில் ஊர் அடங்காது. அதற்குத்தான் வயதுப் பிரமிடு. நவராத்திரிக் கொலுவை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்படியில் 0 முதல் 4 வயது, அடுத்த படியில் 5 முதல் 9 என்று மேலே மேலே அடுக்க வேண்டும், இடது பக்கம் ஆண்கள், வலது பக்கம் பெண்கள். எத்தனை பேரோ அவ்வளவு நீளம் அந்தப் படி. பிள்ளைகள் அதிகமான ஊரில் அடிப்படி அகலமாகி அசல் கொலு மாதிரியே நிற்கும். கேரளம் மாதிரி பிறப்பு குறைந்துபோன இடத்தில் அடி சிறுத்து நடு பருத்து, தண்ணீர்க் குடம் மாதிரி ஆகிவிடும். மலப்புரத்துப் படத்தில் இன்னொன்றையும் பார்க்கலாம்: வேலை செய்யும் வயதில் ஆண்கள் பக்கம் எலி கடித்த மாதிரி குறைந்திருக்கும். கடித்தது வளைகுடா. 2011-இல் அந்த மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 1,098 பெண்கள்.

இங்கேதான் முக்கியமான பிரிவு வருகிறது. ஒரு ஊர் இரண்டு விதமாக இளமையாக இருக்கலாம். ஒன்று, குழந்தைகளால் வரும் இளமை. இன்னொன்று, வேலை தேடி வந்தவர்களால் வரும் இளமை. திருப்பூர் இரண்டாவது வகை. பனியன் கம்பெனிக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் நம் தென்மாவட்டங்களிலிருந்தும் வருகிறவர்கள் பெரும்பாலும் இருபதிலும் முப்பதிலும் இருப்பவர்கள், தாத்தா பாட்டியை ஊரிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அதனால் கொலுவில் நடுவே இரண்டு மூன்று படிகள் மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். முதல் வகை ஊருக்கு அங்கன்வாடியும் பள்ளிக்கூடமும் அவசரம், இரண்டாவது வகைக்கு வாடகை ரூமும் கக்கூஸும் ராத்திரி பஸ்ஸும் அவசரம். இரண்டையும் "இளமை" என்று ஒரே சொல்லில் சொன்னால் திட்டம் போடுகிறவர் எதைக் கட்டுவார்?

வீட்டுக்கு எட்டுப் பிள்ளையா?

பெரியவர் சொன்னதற்கு வருவோம். இதற்கு அளவு மொத்தக் கருவள விகிதம்: இப்போதைய பிறப்பு நிலவரமே நீடித்தால் ஒரு பெண் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தை பெறுவாள் என்ற எண். அது 2.1 என்றால் அம்மா அப்பா இருவருக்கும் ஈடாக இரண்டு பேர் வந்துவிடுகிறார்கள், சிறு வயதில் இறந்துவிடுகிறவர்களுக்காகவும், ஆணைவிடப் பெண் குழந்தை சற்றுக் குறைவாகப் பிறப்பதாலும்தான் அந்த மேல் 0.1. இதற்கு ஈடுசெய் நிலை என்று பெயர். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் கேரளம் 1.8, தமிழ்நாடும் 1.8.

மலப்புரத்தில் பிறப்பு கேரளத்தின் மற்ற மாவட்டங்களைவிட அதிகம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 2011-இல் ஆறு வயதுவரை உள்ள குழந்தைகள் அங்கே நூற்றுக்கு 14 பேர், கேரளம் முழுக்க எடுத்தால் 10. ஆனால் இந்தியா முழுக்க எடுத்தாலும் 13-க்கு மேல்தான். கேரளத்துக்குள் தனியாகத் தெரிகிறது, இந்தியாவுக்குள் வைத்தால் கூட்டத்தோடு கூட்டம். எட்டுப் பிள்ளைக் கதைக்கு இதில் இடமே இல்லை. சாயா குடிக்கும்போது ஒரு ஊர்க்காரர்களைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேசுவது சுலபம், எண்ணைத் திறந்து பார்ப்பது கொஞ்சம் சிரமம், அவ்வளவுதான்.

"அப்போ 2.1-க்குக் கீழே போயிட்டா ஜனத்தொகை குறையணுமே? கேரளாவில இன்னும் கூடிட்டுத்தானே இருந்துச்சு?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. கேரளம் 1980-களின் கடைசியிலேயே ஈடுசெய் நிலைக்கு வந்துவிட்டது, இருந்தும் 2001-க்கும் 2011-க்கும் நடுவில் 4.9 சதவீதம் கூடியது. இதற்கு மக்கள்தொகை உந்தம் என்று பெயர், எங்கள் சித்தூர் தாலுகாக்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம், தென்னந்தோப்பைப் பார்த்தால் போதும். பத்து வருஷமாக வருஷத்துக்கு நூறு நாற்று வைத்துவிட்டு, இந்த வருஷம் ஐம்பதாகக் குறைக்கிறீர்கள். அடுத்த வருஷம் காய் குறையுமா? குறையாது, கூடும். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் வைத்த கன்றுகள் ஒவ்வொரு வருஷமாகக் காய்ப்புக்கு வந்துகொண்டே இருக்கும். அது மாதிரி, முன்பு நிறையப் பிறந்த பெண் குழந்தைகள் வளர்ந்து தாயாகும்போது ஆளுக்கு இரண்டுக்கும் குறைவாகப் பெற்றாலும், தாய்மார்களின் எண்ணிக்கையே பெரிதாக இருப்பதால் மொத்தப் பிறப்பு உடனே இறங்காது. அந்தக் கன்றுகள் எல்லாம் காய்த்து முடிந்த பிறகுதான் சரிவு தெரியும். ஆட்கள் வெளியேறுவதும் சேர்ந்துகொண்டால் சீக்கிரமே தெரியும்: அதே பத்தாண்டில் பத்தனம்திட்டா, இடுக்கி இரண்டு மாவட்டங்களிலும் ஜனத்தொகை குறைந்தேவிட்டது.

ஆக, கருவள விகிதம் இன்றைய நடப்பைச் சொல்கிறது, வயதுப் பிரமிடு நேற்றைய பாக்கியைச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் நாளைக்கு என்ன ஆகும் என்று பேச முடியும்.

நிஜமாகவே இளமையான, நிஜமாகவே வேகமான ஒரு ஊர்

தான்சானியா ஏன் வந்தது என்றால், எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் அங்கே தார் எஸ் சலாமில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். பூமத்திய ரேகைக்கு ஏழு டிகிரி தெற்கே, இந்தியப் பெருங்கடல் ஓரத்தில், நம்ம ஊர் மாதிரியே தென்னையும் மாவும் முந்திரியும் வேர்வையும் உள்ள துறைமுக நகரம்.

2002 கணக்கெடுப்பில் அங்கே சுமார் 25 லட்சம் பேர். 2012-இல் 43.6 லட்சம். வருஷத்துக்கு 5.6 சதவீதம். இது எவ்வளவு வேகம் என்று தெரிய ஒரு வட்டிக்கடைக் கணக்கு உண்டு: 70-ஐ அந்தச் சதவீதத்தால் வகுத்தால், இரட்டிப்பாக ஆகும் வருஷம் கிடைக்கும். 70-ஐ 5.6-ஆல் வகுத்தால் பன்னிரண்டரை. ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டு முடிப்பதற்குள் ஊர் கிட்டத்தட்ட இரண்டாகிவிடும், தண்ணீர்க் குழாய், சாக்கடை, பஸ் எல்லாமும் இரண்டாக வேண்டும்.

அங்கே இளமையின் இரண்டு வகையும் ஒன்றாக வேலை செய்கின்றன. நாட்டின் கருவள விகிதம் 2022-இல் 4.8, பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். நகரத்துப் பெண்கள் கிராமத்தைவிடக் குறைவாகத்தான் பெறுகிறார்கள், ஆனால் கிராமங்களிலிருந்து இளசுகள் பஸ் ஏறி வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆக அடிப்படியும் அகலம், நடுப்படியும் துருத்தல்.

சரி, 2022-இல் என்ன ஆச்சு? 53.8 லட்சம். வருஷத்துக்கு 2.1 சதவீதம்தான். மலப்புரத்தைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் இதைப் பார்த்தால் ஊர் களைத்துப்போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள். ஆனால் நகரத்தைச் சுற்றி வளைத்துக் கிடக்கும் புவானி மாகாணம் அதே பத்து வருஷத்தில் சுமார் 11 லட்சத்திலிருந்து 20 லட்சத்துக்குப் போய்விட்டது. நம் பையன் இருப்பதும் அங்கேதான். நகரத்துக்கு மேற்கே, எல்லைக்கு வெளியே, கிபாஹா என்ற டவுனில் வாடகை குறைவு என்று வீடு எடுத்திருக்கிறான், விடியும் முன்னே எழுந்து வேலைக்கு நகரத்துக்குள் போகிறான். போன் பண்ணி எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் "தார்ல இருக்கேன்" என்பான். எண்ண வருகிறவர் புவானி என்று எழுதிக்கொள்வார்.

மலப்புரத்தில் ஜனங்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள், எல்லைக் கோடு அவர்களைத் தாண்டி வெளியே போனது, வளர்ச்சி பெரிதாகத் தெரிந்தது. தார் எஸ் சலாமில் கோடு நின்ற இடத்தில் நின்றது, ஜனங்கள் அதைத் தாண்டி வெளியே போனார்கள், வளர்ச்சி சின்னதாகத் தெரிந்தது. நானும் அவன் கேஸ்தான் என்று வையுங்கள். உழைப்பது கோயம்புத்தூரில், தலைக்கணக்கு பாலக்காடு மாவட்டத்தில்.

நம்ம ஊர் டவுனா, கிராமமா

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயாக்கடையில் சொல்லி முடித்தபோது, எட்டுப் பிள்ளைப் பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி, நம்ம ஊரு டவுனா கிராமமா, அதைச் சொல்லு" என்றார். 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளித் தள்ளி, ஆட்களை எண்ணுவது 2027 பிப்ரவரிக்குப் போயிருக்கிறது, ஆகவே இப்போதைக்குப் புத்தகத்தில் இருப்பது 2011-தான் என்றேன். அவர் விடவில்லை. எங்கள் வீதியில் வேலைக்குப் போகிற ஆண்களை விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். மில், கோழிப்பண்ணை வண்டி, பெயிண்டிங், நான் என்று பன்னிரண்டு பேர் வந்தார்கள். அதில் தோப்புக்கும் காட்டுக்கும் விவசாய வேலைக்குப் போகிறவர்கள் நான்கு. பன்னிரண்டில் எட்டு என்றால் 67 சதவீதம், அப்படியானால் கிராமம்.

"நாலாவது ஆளு மத்தியானத்துக்கு மேல ஆட்டோ ஓட்டறானே" என்றார் கடைக்காரர்.

அவரை ஆட்டோ பக்கம் சேர்த்தால் ஒன்பது. சரியாக 75. அந்த நாலாவது ஆள் அப்போது கடை வாசலிலேயே ஆட்டோவை நிறுத்திவிட்டு, பின் சீட்டில் இரண்டு மூட்டை கடலைப் புண்ணாக்கை ஏற்றிக்கொண்டிருந்தார்.